செவலையின் இடப்பக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கோயில் நோட்டீசுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பேன், உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவேன், அதற்கு மேல் பழக்கமில்லை. ஆனாலும் தயக்கத்துக்குப் படிப்பைக் காரணம் சொன்னால் அது பொய். உள்ளபடி எழுதினால், என் வீட்டுக்காரியிடம் ஒன்பது மாதம் ஒரு விஷயத்தை மறைத்ததை எழுத வேண்டும். வாயில்லாத ஒரு ஜீவனை அடித்ததையும் எழுத வேண்டும். இரண்டு முறை நோட்டு வாங்கினேன். ஒன்றைப் பேத்தி படம் வரைய எடுத்துக்கொண்டாள். இன்னொன்றில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு வைத்திருந்தேன். அந்த நோட்டில்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாணார்பட்டிக்குப் பக்கம். சிறுமலையில் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். மலைவாழை, எலுமிச்சை, நிழலுக்கு நின்ற மரங்களில் கொஞ்சம் மிளகுக்கொடி. பஸ் மலை ஊர் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒத்தையடிப் பாதை. வண்டி போகாது, பைக் போகாது. வெட்டிய தாரெல்லாம் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வர வேண்டும். தரையில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மலையில் தோட்டம் வைத்திருப்பவனுக்குக் குதிரைதான் லாரி.

நான் வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவன். அந்த வருஷம் தரிசனம் முடித்து இறங்கினபோது, நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒருவர் குதிரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அடிவாரத்தில் பக்தர்களுக்கு வண்டி ஓட்டியவர். குதிரை செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. தலையில் வண்டிக் குதிரைக்குக் கட்டுகிற தோல் மறைப்பு, இரண்டு கண்ணுக்கும் பக்கவாட்டில்.

"மலைக்காட்டுல பொதி சுமக்குமா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, சாமி மலையடிவாரத்துல ஆறு வருசம் சுத்துனதுங்க. உங்க மலையெல்லாம் இதுக்கு ஒரு திட்டு மாதிரிங்க" என்றார் வண்டிக்காரர்.

"கண்ணுக்கு மறைப்பு எதுக்கு?"

"பஸ்ஸு லாரியப் பாத்து மிரளாம இருக்கோணுமுங்களே. கட்டியே பழகிப்போச்சுங்க. நல்ல கொழந்தைங்க, ஓட்டிப் பாருங்க."

தெருவில் நடத்திப் பார்த்தேன். நடந்தது. முருகனே என் கையில் பிடித்துக் கொடுத்ததாக எனக்குத் தோன்றியது. நெற்றியில் அன்று பூசிய திருநீறு இன்னும் கலையவில்லை. வேறு எதையும் பார்க்காமல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசலில் ஆரத்தி எடுத்தவள் என் வீட்டுக்காரி. நெற்றி வெள்ளையில் குங்குமம் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா வெறைச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாரு" என்றாள். "வாப்பு, உள்ள வா. இங்க யாரும் உன்னையக் கடிக்க மாட்டோம்."

அன்றிலிருந்து அதற்கு அவள் வைத்த பெயர் செவலை.

மலைக்குக் கொண்டுபோய் மறைப்பைக் கழற்றினேன். காட்டுப் பாதையில் கால் வைக்கிற இடம் தெரிய வேண்டுமே. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பக்கத்துத் தோட்டத்தில் குதிரை வைத்திருக்கிறவர் ஒரு கை உதவிக்கு வந்தார். இரண்டு தலைமுறையாகக் குதிரையோடு பழகிய குடும்பம். கயிற்றை மாட்டும்போது கழுத்தின் இடது பக்கம் பிடரி மயிரைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, இதைப் பாக்காமயா பிடிச்சிங்க?"

"எதை?"

மயிரை விலக்கிக் காட்டினார். ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு சுழி. உரோமம் வட்டமாகச் சுற்றி, வால் மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"சுழி கீழ பாத்துத் தொங்குதுண்ணே. இது வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதும்பாக. எங்க சித்தப்பா இப்பிடி ஒண்ணு வச்சிருந்தாரு. வருசம் திரும்பல, சித்தி போயிருச்சு." குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட சொல்லிராதிங்க. சொன்னா அதுவே பிடிச்சுக்கிரும்."

இதைப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கலாம். எங்கள் பக்கம் மாடு வாங்கினாலும் குதிரை வாங்கினாலும் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். சுழி சரியில்லாத மாட்டைச் சந்தையில் சும்மா கொடுத்தாலும் ஓட்டிப் போக ஆள் வராது. நானோ முருகனை நம்பி, பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஒரு கட்டு. குதிரையை வைத்துக்கொள்ள பயம். விற்கலாம் என்றால், தெரிந்தே இன்னொருத்தன் வீட்டுப் பொம்பளைக்குக் கேட்டைக் கொண்டுபோய் விடுவதா? சாமி கும்பிடுகிறவன் அதைச் செய்யலாமா? அவளிடம் சொல்லவும் வழியில்லை. அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் விரதம் இருந்து, "இந்தக் கட்டை அவுத்து விடு முருகா" என்று வேண்டினேன். என்ன கட்டு என்று அவள் கேட்பாள். "ஒண்ணுமில்ல, பொதுவா" என்பேன்.

அந்தச் சுழியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கை பட்டால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு எண்ணம். அதனால் செவலையின் இடது பக்கம் நான் போவதே இல்லை. எல்லாரும் குதிரைக்கு இடது பக்கம் நின்றுதான் நடத்துவார்கள். நான் வலது பக்கம் நின்று கயிற்றைப் பிடித்தேன். தண்ணீர் காட்டுவது, தீவனம் வைப்பது, பொதி ஏற்றுவது எல்லாம் வலது பக்கமிருந்தே.

பாதையில் பாதி தூரத்தில் ஓர் இடம் உண்டு. தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும்போது இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் பள்ளம். நடுவில் கட்டில் அகலத்துக்குப் பாதை. நூறு அடி போனால் கீழே ஓடை. ஓடையைக் கடந்தால் பிறகு கஷ்டமில்லை. மேலே ஏறி வரும்போது செவலை இந்தப் பாறையைத் தாண்டிவிடும். இறங்கும்போது மட்டும் பாறை முனையில் நாலு காலையும் ஊன்றி நிற்கும். காது பின்னால் போகும். உடம்பு நடுங்கும். நான் இழுப்பேன். அது பின்னால் சாயும். நான் திட்டுவேன். அதற்குப் பிறகு புளியங்குச்சி.

புளியங்குச்சி என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அடித்தது ஒரு தடவை இல்லை. அடிக்கிறபோதெல்லாம் மனசுக்குள் ஒன்று சொன்னது: இது சாதாரண சண்டிக்குதிரை இல்லை, கேடு பிடித்தது, அதனால் அடிக்கலாம். திருநீறு பூசிய கையால் அடித்தேன்.

அவள் மலைக்கு வருகிற நாட்களில் கதையே வேறு. அவள் கயிற்றைப் பிடித்தால் செவலை அந்தப் பாறையில் ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கி வரும். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவாள். "கல்லு கிடக்கு, பாத்து வை. ஆமா, அப்பிடித்தேன். உங்க ஐயா பின்னாடி வாராரு, திரும்பிப் பாக்காத, மூஞ்சி சரியில்ல."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைக் கேலி செய்வார். "அண்ணே, குதிரை உங்களுதா, அக்காவோட சீதனமா?"

நான் சிரிக்க மாட்டேன். அவளோடு அது ஒட்டுகிறதே என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஆகாத சுழி அவளைத்தானே தேடும் என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதம். மாலை போடுகிற காலத்தில் வாழைத்தாருக்குக் கிராக்கி இருக்கும். இரண்டு நாள் தங்கி வெட்டிவிட்டு இறங்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். இரண்டு நாளைக்குச் சோற்றுக்கு அரிசி, இரண்டு நாளைக்கு அவளுடைய சர்க்கரை மாத்திரை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கல்யாண வீட்டுக்கென்று தன் குதிரைகளோடு கீழே இறங்கியிருந்தார். நாங்கள் போன அன்று மத்தியானமே மழை பிடித்தது. விடவில்லை. மூன்றாம் நாள் காலையில், குடிசைக்குப் பின்னால் பாசி படிந்த கல்லில் அவள் வழுக்கி விழுந்தாள்.

சத்தம் கேட்டு ஓடினேன். வலது காலின் கணுக்கால் கோணியிருந்தது. பாதத்தின் ஓரம் கல் கிழித்து ரத்தம். தூக்கி வந்து படுக்க வைத்தேன். வேட்டியைக் கிழித்து இரண்டு குச்சி வைத்துக் கட்டினேன். மஞ்சளை வைத்து அடைத்தேன். மாத்திரை அட்டையைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

போனில் டவர் இல்லை. அங்கே எப்போதும் இருக்காது. நான் மட்டும் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வரலாம் என்று பாறை இறங்கி ஓடைக்குப் போனேன். எப்போதும் முழங்காலுக்கு ஓடுகிற தண்ணீர் இடுப்புக்கு மேலே செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கால் வைத்தேன். இழுத்தது. கரையோரக் கொடியைப் பிடித்துத்தான் திரும்பினேன். நான் போய்விட்டால் மேலே கிடக்கிற அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நாலு கால் உள்ளது தாங்கும். செவலை வந்தால் இரண்டு பேரும் தப்பலாம்.

திரும்பி ஏறி, செவலையை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். முதலில் வெறும் குதிரையைப் பாறையில் இறக்கிப் பார்த்துவிட்டால் பிறகு அவளை ஏற்றலாம் என்று கணக்கு. வழக்கம்போல வலது பக்கம், பள்ளத்து ஓரமாக நின்று இழுத்தேன். நின்றுவிட்டது. கெஞ்சினேன். முருகா முருகா என்று கத்தினேன். பிறகு அடித்தேன். என்றைக்கும் அடிக்காத அடி. அது பின்னால் எகிறி, கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு, குடிசைக்கே ஓடிவிட்டது.

மழையில் அந்தப் பாறை முனையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே தண்ணீர், மேலே அவள், எங்கேயும் போக வழியில்லை. சுழி தன் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்து அழுதேன்.

குடிசைக்குப் போனபோது செவலை தாழ்வாரத்துக்குக் கீழே நனைந்து நின்றது. அவள் படுத்த இடத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது விலாவில் குச்சியின் தடிப்பு வரிவரியாகத் தெரிந்தது.

"அதைய ஏன் இப்பிடி அடிச்சிங்க?" என்றாள்.

தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்துத் தூணில் கட்டினேன்.

"ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. நீங்க ஏன் எப்பவும் அந்தப் பக்கமாவே போறிங்க? நானும் இம்புட்டு நாளா பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். இந்தப் பக்கம் ஒரு நாளாச்சும் நின்னு நீங்க அதைத் தொட்டுப் பாத்ததில்ல."

அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. முகம் சிவந்திருந்தது. இனி மறைத்து என்ன என்று சொல்லிவிட்டேன். சுழி, சித்தி செத்தது, செவ்வாய்க்கிழமை விரதம் எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் செவலையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருசமாச்சு. இந்தக் குதிரை வந்து பத்து மாசம்கூட ஆகல. அப்ப அந்தச் சர்க்கரை எந்தச் சுழியில வந்துச்சு?" என்றாள்.

"இல்ல புள்ள, நான் என்ன சொல்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பாசிக்கல்லுல செருப்பில்லாமப் போனது நானு. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தச் சுழியைத் தொட்டுத் தொட்டுத்தேன் நான் அதுக்குப் பேனே பாக்குறேன்னு சொல்லியிருப்பேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒம்போது மாசம் என்கிட்ட மறைச்சிருக்கிங்க. அதுதேன் எனக்கு வலிக்குது. காலு இல்ல."

நான் எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

கொஞ்சம் கழித்து அவளே கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. அதோட அந்தக் கண்ணுல ஈ உக்காந்திருக்கு. இமைக்கவே இல்ல."

வலது கண்ணைச் சொன்னாள். கிட்டே போய்ப் பார்த்தேன். லேசான நீலப் புகை மாதிரி ஒன்று அந்தக் கண்ணில் எப்போதும் உண்டு. தூசி என்று விட்டிருந்தேன். துண்டை எடுத்துச் சத்தமில்லாமல் வலது பக்கம் ஆட்டினேன். அசையவில்லை. இடது பக்கம் போய் ஆட்டினேன். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி வலது. ஒன்றுமில்லை.

ஒன்பது மாதமும் அதற்குத் தெரியாத பக்கத்திலிருந்தே அதை நான் தொட்டிருக்கிறேன். எங்கிருந்தோ ஒரு கை வரும், ஒரு குச்சி வரும், யாரென்று தெரியாது. அந்தப் பாறையில் தெரியாத கண் பக்கம்தான் பள்ளம். நான் பள்ளத்து ஓரத்தில் நின்று, அது பார்க்க முடியாத பக்கமாகவே அதன் தலையை இழுத்திருக்கிறேன். நிற்காமல் என்ன செய்யும்? அறிவுள்ளது நின்றது.

"மறைப்பு கட்டி விக்கிறப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

"நீங்க சுழியைப் பாத்திங்க, கண்ணைப் பாக்கல" என்றாள். கோபம் இன்னும் போகவில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் செவலையோடு இருந்தேன். அவள் படுத்தபடியே சொல்லிக் கொடுத்தாள் என்பதை மறைக்கக் கூடாது. இடது பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் அது விலகியது. கயிறு எட்டுகிற தூரம் வரைக்கும் போய்விட்டது.

"பின்னாடியே போகாதிங்க. அங்கயே நில்லுங்க. அதுவா வரட்டும்."

நின்றேன். மழை தலையில் கொட்டியது. உள்ளங்கையில் கொஞ்சம் கல்லுப்பு வைத்துக்கொண்டு கையை நீட்டாமல் இடுப்போரம் வைத்திருந்தேன். வெகு நேரம் கழித்து மூக்கை நீட்டி முகர்ந்தது. உப்பைத் தொடவில்லை. மூச்சு மட்டும் கையில் பட்டது. மறுபடி விலகியது. மூன்றாவது தடவை நக்கியது.

"பேசுங்க" என்றாள் அவள்.

"என்ன பேச?"

"எதையாச்சும். குரல் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியணும்."

எனக்குப் பேச வராது. சாமி பாட்டு சொல்லலாம் என்றால், அடிக்கும்போது முருகா முருகா என்று கத்தியிருக்கிறேனே. நான் அந்தப் பெயரைத் தொடங்கியதுமே அதன் காது பின்னால் போனது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வெட்கத்தை எழுத வார்த்தை இல்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த காலத்திலிருந்து மனப்பாடமான ரோடு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு, குள்ளனம்பட்டி, சிறுமலைப் பிரிவு, சாணார்பட்டி, கோபால்பட்டி, நத்தம். அங்கிருந்து திரும்பி நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி. குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். காது முன்னால் வந்தது.

உள்ளே அவள் சிரித்தாள். விழுந்த பிறகு முதல் சிரிப்பு.

பிறகு கயிற்றைத் தளர்த்திப் பிடித்துப் பத்தடி நடந்தேன். அது நிற்கப்போகிறது என்று தோன்றினால், அதற்கு முன்னால் நான் நின்றேன். அது என்னைப் பார்க்கும். மறுபடி நான் நடப்பேன். அதுவும் நடக்கும். இருட்டுகிற வரைக்கும் குடிசையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கழுத்தை மட்டும் நான் இன்னும் தொடவில்லை. கை போய்ப் போய்த் திரும்பியது.

மறுநாள் விடிந்ததும் அவள் பாதத்தைப் பார்த்தேன். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. வாடை அடித்தது. சர்க்கரைக் காலில் அப்படி ஆனால் என்ன என்று எனக்குத் தெரியும். என் அத்தை ஒருத்தருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவளுக்கும் தெரியும். வேறு துணி கிழித்து இறுக்கிக் கட்டினேன்.

முதலில் வெறும் குதிரையோடு பாறைக்குப் போனேன். இந்தத் தடவை சுவரோரமாக நான், எனக்கு வலது கை பக்கம் செவலை. அதன் தெரிகிற கண் என் மேல் இருந்தது. பாறை முனை வந்தது. அது நிற்பதற்கு முன்னால் நான் நின்றேன். குள்ளனம்பட்டி, சிறுமலைப் பிரிவு என்று சொன்னேன். ஒரு அடி வைத்தேன். காத்திருந்தேன். குளம்பு கல்லைத் தடவிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஒரு அடி வந்தது. நூறு அடிக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. ஓடைக்கரையில் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, திரும்பி ஏறினோம். இரண்டாவது தடவை, முதுகில் வைக்கோல் அடைத்த சாக்கு மெத்தையைப் போட்டு, இரண்டு தாரைக் கட்டி இறக்கினேன். நடுவில் ஒரு முறை நின்றது. நானும் நின்றேன். இழுக்கவில்லை. வந்தது.

மூன்றாவது தடவைதான் அவள். குடிசைக்கு முன்னால் இருந்த கல்லில் அவளை ஏற்றி நிறுத்தி, செவலையைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறச் சாய்ந்து ஏறினாள். குதிரை ஆடவில்லை. துண்டால் அவளை மெத்தையோடு சேர்த்துக் கட்டினேன்.

"டிக்கெட்டு எடுக்காம ஏறிட்டேன். வழியில எறக்கி விட்டுராதிங்க" என்றாள்.

பாறையை இறங்கினோம். அவள் வாயே திறக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டு போனேன். ஓடை முந்தின நாளைவிடக் கொஞ்சம் வடிந்திருந்தது, ஆனாலும் இடுப்பளவு. தண்ணீர் வலது பக்கமிருந்து வந்தது. செவலையின் உடம்பு அதை வாங்கிக்கொள்ளும், நான் இடது பக்கம் அதன் மறைவில் போகலாம். ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். கழுத்து மயிரைத்தான் பிடிக்க வேண்டும்.

கை நின்றது. குதிரை இல்லை, இப்போது நான்தான் சண்டி. மேலே இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிங்க" என்றாள். "அது என்னைய ஒண்ணும் செய்யாது."

மயிருக்குள் கையை விட்டு, சுழியின் மேலேயே உள்ளங்கையைப் பதித்துப் பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் நரம்பு துடித்தது.

தண்ணீரில் இறங்கினோம். நடுவில் என் கால் ஒரு முறை தரையை விட்டுத் தூக்கியது. செவலை சாய்ந்தது. நின்றது. சரியாக அந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. அதன் காது என் பக்கம் திரும்பித் திரும்பித் தேடியது.

"சாணார்பட்டிக்கு அடுத்து என்ன?" என்று மேலேயிருந்து அவள் குரல்.

"கோபால்பட்டி."

"அப்புறம்?"

"நத்தம்" என்றேன். ஒரு அடி வந்தது. பிறகு இன்னொன்று. கரையேறியபோது எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை.

மலை ஊரில் ஒரு ஜீப் கிடைத்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்தோம். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு விரல் போனது. இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் முழங்கால் வரைக்கும் எடுத்திருப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அடிச்சதை எழுதுனிங்களா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். "அப்பச் சரி" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவலை அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. முதுகில் பாரம் குறைவாகத்தான் ஏற்றினோம். வலது பக்கம் யாரையும் போக விடமாட்டேன். முருகா என்ற பெயரை அதன் காதில் மறுபடி பழக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயதாகிப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம்.

அது இருந்த வரைக்கும் யாராவது வந்தால் அந்தக் கண்ணைக் காட்டி நடந்ததைச் சொல்வேன். அது போன பிறகு கதைதான் மிச்சம், கதை வளர்ந்துவிட்டது. குதிரை மண்டி போட்டு அவளை ஏற்றிக்கொண்டதாம். ஓடை பிளந்து வழி விட்டதாம். முருகனே குதிரையாக வந்தாராம். சுழியை முதலில் காட்டினாரே, அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போது, "அது ராஜ சுழிண்ணே, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது அவருக்கு. நானும் டீக்கடையில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு மறுக்காமல் டீயைக் குடித்து வந்திருக்கிறேன். நான் அடித்தவன் என்பது அதில் வரவில்லையே.

போன மாதம் ஒருவர் இளங்குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். "உங்க குதிரைக்கு இருந்த மாதிரியே சுழி இருக்குன்னு வாங்குனேன். ஆனா நகர மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்றார். அதன் விலாவில் குச்சியின் தடிப்பு. நான் சுழியைப் பார்க்கவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். முன்னங்காலில் ஒரு கல் ஆழமாக ஏறியிருந்தது. அன்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன்.

எனக்கு முருகன் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. காய்ச்சலில் கிடந்தவள் கண்ணில் அந்த ஈயைப் பட வைத்தது யார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. உங்களை நம்பச் சொல்லவில்லை.

படித்தவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். குதிரையை மண்டி போட வைக்காதீர்கள், ஓடையைப் பிளக்காதீர்கள். ஒன்பது மாதம் நான் மறைத்ததைக் குறைக்காதீர்கள், என் அடியை விட்டுவிடாதீர்கள். அதற்கு வலது கண் தெரியாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.